பெரியக்கா பின்

வீட்டில் ஒரு சாமான் உடைந்தால் நமக்கெல்லாம் எரிச்சல் வரும். பெரியக்காவுக்கு மட்டும் கை பரபரக்கும். பிய்ந்த செருப்பின் வார் ஜன்னல் கதவு படபடக்காமல் இருக்க முட்டுக்கட்டை ஆகிவிடும். குடை கிழிந்தால் அதன் கம்பிகள் மறுநாளே துணி மாட்டும் கொக்கிகளாகச் சுவரில் ஏறிவிடும். அவளுடைய இரண்டு அறை வீட்டில் வாசல் தாழ்ப்பாளிலிருந்து கட்டில் வரைக்கும் ஒரு கயிறு ஓடியது. படுத்தபடியே இழுத்தால் கதவு திறக்கும்.

"திருடனுக்கும் சேர்த்துத்தான் திறக்குது," என்பாள் தங்கை.

"அவன் எதுக்கு வர்றான்? இங்க எல்லாமே உடைஞ்ச சாமான்தானே," என்று பெரியக்கா சிரிப்பாள்.

அவள் ரிப்பேர் பண்ணாமல் விட்ட ஒரே சாமான் அவளுடைய கல்யாணம்தான். அதையும் சில வருஷம் இப்படி வளைத்து அப்படி வளைத்துப் பார்த்தாள். இது ஆகாது என்று தெரிந்ததும் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் அழுததில்லை, அழுதிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும்.

வேலை கரண்டிப் பட்டறையில். நீளமான ஒரு கொட்டகை, மேலே தகரக் கூரை, இரண்டு வரிசையாகப் பிரஸ் மெஷின்கள். கரண்டி அளவுக்கு வெட்டிய தகட்டை அச்சில் வைத்துப் பட்டனை அமுக்கினால், மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டைக் குழித்துக் கரண்டியாக்கிவிட்டு ஏறிக்கொள்ளும். மெஷினை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களில் இவள் மூத்தவள் என்பதால் பெரியக்கா. சூப்பர்வைசர் கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

இந்த மெஷின்களுக்கு முன்பு காலால் மிதிக்கிற பெடல் இருந்ததாம். மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர் சொல்லுவார். மிதிக்கிற காலுக்கு அச்சுக்குள் இருக்கிற கையைப் பற்றி என்ன தெரியும்? பல பேருடைய விரல் போன பிறகு, எங்கேயோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பெடலைக் கழற்றி எறிந்துவிட்டு, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று தள்ளித் தள்ளி இரண்டு பட்டன் வைத்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் வைக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது! அவ்வளவு எளிமையான யோசனை. பட்டனைச் சுற்றி, தவறிப்போய்க் கை பட்டு அமுங்கிவிடக் கூடாதென்று ஓர் இரும்பு வளையமும் வைத்திருந்தார்கள்.

அந்தப் புண்ணியவானைப் பட்டறையில் ஒருத்தரும் வாழ்த்தவில்லை. கையைத் தூக்கு, தகட்டை வை, இரண்டு கையையும் கொண்டுபோய் அமுக்கு, மறுபடி கையைக் கொண்டுவா. பட்டன் கெட்டி. சாயங்காலம் கட்டைவிரல் இரண்டும் விண்விண் என்று தெறிக்கும். ஆகவே ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், பெரியக்கா தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி வலது பட்டனின் வளையத்தில் செருகிப் பார்த்தாள். பட்டன் அமுங்கிக்கொண்டது. இப்போது இடது பட்டனை மட்டும் அமுக்கினால் போதும். வலது கை பாட்டுக்குத் தகட்டை வைக்கலாம், கரண்டியை எடுக்கலாம்.

ஹேர்பின் நழுவிக்கொண்டே இருந்தது. வாசல் தாழ்ப்பாளையே கட்டிலுக்கு வரவழைத்தவள் இதை விடுவாளா? கரண்டிக்காம்பில் வெட்டி எறிந்த துண்டை வளைத்தாள். அது கையைக் கிழித்தது. நுனியைச் சுருட்டிவிட்டாள். வலது பக்கத்து மெஷினில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு, பெரியக்கா," என்றாள். அவள் பெரிய கண்ணாடி போட்டிருப்பாள். பட்டறையில் அவள் பெயரே கண்ணாடி. அப்புறம் ஃபிட்டர் பார்த்தார். பார்த்தவர் திட்டவில்லை. பழைய வில்லுக்கம்பியில் தட்டையாக ஒன்று செய்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். வளையமும் கறுப்பு, பின்னும் கறுப்பு. மாட்டிவிட்டால் மாட்டியிருப்பதே தெரியாது.

"பெரியக்கா பின்" என்று அதற்குப் பெயர் வந்தது. சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும். கரண்டி கூடுதலாக விழுகிறது, அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கிக்கொண்டது. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வாசலிலிருந்து ஒரு இருமல் கேட்டால், எல்லாப் பின்களும் கழன்று கொண்டைகளில் ஏறிவிடும். பாவம் அந்த மனுஷன், இங்கே வேலை செய்கிற பெண்களுக்கு எவ்வளவு அடர்த்தியான முடி என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

அடுத்த தெருவில் மூடி செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கேயும் பெரியக்கா பின் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஒரு நாள் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள். இவள் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டாள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பெடலை ஒழித்த ஆளுக்குக் கூட பெயர் கிடையாது, தன் பெயர் நாலு தெரு தாண்டிவிட்டது! சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சந்தோஷத்தில் குற்றம் என்ன இருக்கிறது என்றுதான் நாமும் கேட்டிருப்போம்.

தங்கையைக் கரண்டிப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் பெரியக்காதான். அக்காவுக்கும் தங்கைக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்ததே இவள். வேலை பார்த்த தையல் கடை மூடிப்போய்த் தங்கை வீட்டில் மோட்டுவளையைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, "என் கூட வா, நான் பார்த்துக்கிறேன்," என்று கூட்டிக்கொண்டு வந்தாள். நான் பார்த்துக்கிறேன் என்று சொன்ன அந்த வார்த்தை பிறகு அவளை எவ்வளவு குத்தியது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

தங்கை இடது கைக்காரி. சின்ன வயசில் அம்மா அடித்துப் பார்த்தாள், அழவைத்துப் பார்த்தாள், கை மாறவில்லை. அந்த இடது கையால்தான் அவள் படம் வரைவாள், ஊசி கோர்ப்பாள், கோபம் வந்தால் தட்டைத் தூக்கி எறிவாள். பட்டறையில் மற்ற எல்லாரும் வலது கையால் தகடு வைப்பார்கள், அதனால் பின் எப்போதும் வலது பட்டனில். இவள் இடது கையால் வைப்பவள் என்பதால் இவளுக்கு இடது பட்டனில். பெரியக்காவே தன் கையால் ஒரு பின்னை மாற்றி வளைத்துத் தங்கைக்குக் கொடுத்தாள். தங்கை அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வருவாள், காலையில் செருகிக்கொண்டு போவாள். மற்றவர்கள் அப்படி இல்லை. இன்ஸ்பெக்டர் வராத நாட்களில் அவர்களுடைய பின் மெஷினிலேயே கிடக்கும். அடுத்து உட்காருகிறவளுக்கும் அதே பட்டன்தானே, எதற்குக் கழற்ற வேண்டும்?

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடிக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கையின் மெஷினிலோ அச்சு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "சும்மா நிக்காதம்மா, கண்ணாடி மெஷின்ல உக்காரு," என்றார் சூப்பர்வைசர். தங்கை போய் உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் தகட்டை இடது கையால் அச்சில் பிடித்துக்கொண்டே, வலது கையைக் குறுக்கே நீட்டி இடது பட்டனில் பின்னை மாட்டுவாள். ஒரு நொடி மிச்சம். அவளுடைய மெஷினில் அதனால் ஒன்றும் ஆகாது, வலது பட்டன் சும்மா இருக்கும். இந்த மெஷினின் வலது பட்டனில், இருப்பதே தெரியாத அந்தக் கறுப்புப் பின் ஏற்கெனவே மாட்டியிருந்தது.

இடது பட்டனும் அமுங்கியது. இரும்பு இறங்கியது. ஏறியது. இரண்டு பட்டனும் அமுங்கியே கிடந்ததால் மறுபடியும் இறங்கியது.

பக்கத்து மெஷினிலிருந்து பெரியக்கா எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வலது பின்னை விரலால் நெம்பினாள். அவ்வளவு நன்றாகச் செய்த பின், லேசில் வரவில்லை. அவள் நகம் பிய்ந்த பிறகுதான் வந்தது. மெஷின் நின்றது. தங்கை கத்தவில்லை. "அக்கா, நான் அமுக்கவே இல்ல," என்றாள். "நான் அமுக்கவே இல்லக்கா."

இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சூப்பர்வைசர் பெரியக்காவைத் தூணோரம் கூப்பிட்டார். அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. "இன்ஸ்பெக்டர் வருவார். பின்னப் பத்தி வாய் திறந்தீங்கன்னா, ரெண்டாவது பின்ன மாட்டினது யாருன்னு கேப்பாங்க. உங்க தங்கச்சி பேருதான் வரும். அப்புறம் அவளுக்கு இங்க வேலை கிடையாது, உங்களுக்கும் கிடையாது. யோசிச்சுக்கோங்க."

யோசிப்பதற்குப் பெயர் போனவள் யோசித்தாள். இன்ஸ்பெக்டர் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "ரெண்டு பட்டனும் அமுக்காம எப்படி இறங்குச்சு?" என்று வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் கேட்டபோது, பெரியக்காவும் தெரியாது என்றாள். அவளுடைய பின் அப்போதும் கொண்டையில்தான் இருந்தது. அவர் போன பிறகு கழிவறைக்குப் போய் அதை உருவி எடுத்தாள். 

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பட்டறையில் ஒருத்தரும் பின் மாட்டவில்லை. அப்புறம் ஒன்று வந்தது, ஓரத்தில். அப்புறம் நாலு. பெரியக்கா வரிசையாகப் போய்ப் பிடுங்கினாள். மறுநாள் எல்லா மெஷினிலும் புதுசு.

"உங்க தங்கச்சி ரெண்டு பின் போட்டுச்சு. அதுக்கு ஒத்தப் பின் போடுறவங்க என்ன பண்ணுவோம், பெரியக்கா?" என்று கண்ணாடி கேட்டாள். அவளும் சில நாள் அழுதவள்தான். "எங்களுக்கு இத சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே? இப்ப நீங்களே வந்து பிடுங்கினா எப்படி?"

பெரியக்கா ஃபிட்டரிடம் போனாள். "அண்ணே, இனிமே ஒருத்திக்கும் செஞ்சு கொடுக்காதீங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

ஃபிட்டர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றார். "நான் செஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. இப்ப அவங்களே வளைச்சுக்கறாங்க. கைக்கு வந்துட்டத மறக்கச் சொன்னா எப்படி மறப்பாங்க?"

வீட்டில் தங்கைக்குத் தலை பின்ன முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை, பாட்டில் மூடி திறக்க முடியவில்லை. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வலது கையால் திருகுவாள், அது வழுக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியக்காவின் மூளை பாட்டுக்குக் கிளம்பிவிடும்: மேசை விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் ஆணியடித்து, மூடியை அதில் கொடுத்து... அந்த இடத்தில் சட்டென்று நிறுத்திக்கொள்வாள். தன் மேலேயே அப்படி ஒரு வெறுப்பு வரும். அந்த வாரமே அவள் தாழ்ப்பாள் கயிற்றை அறுத்துப்போட்டாள். சுவரிலிருந்த குடைக்கம்பிகளையும் பிடுங்கினாள். துணிகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன.

"எதுக்கு இப்ப இதெல்லாம் பிடுங்கற?" என்றாள் தங்கை.

"சும்மாதான்."

"சும்மா இரேன்க்கா. என்னப் பார்த்துப் பார்த்து மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. எனக்கு மூச்சு முட்டுது."

தங்கை பட்டறைக்குத் திரும்பிப் போனாள். கரண்டிகளைப் பொட்டலம் கட்டுகிற மூலையில் உட்கார வைத்தார்கள். அங்கே வருகிறவர் போகிறவர் எல்லாம் அவள் கையைப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. மெஷின் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் மல்லுக்கு நின்றாள். "ஓட்டிக் காட்டு, பார்க்கலாம்," என்றார் அவர். உட்கார்ந்தாள். வலது கையால் தகடு வைத்தாள். ஆனால் இடது கையால் பட்டனை அமுக்க முடியவில்லை. சுண்டுவிரலுக்கு வலு போதவில்லை. கட்டைவிரல் தனியாக நின்று நடுங்கியது. உள்ளங்கையால் அமுக்கலாமென்றால் வளையம் தடுத்தது.

அன்று சாயங்காலம் சமையலறையில் வந்து நின்றாள். "அக்கா. எனக்கு ஒரு பின் வளைச்சுக் கொடு. இடது பட்டனுக்கு."

பெரியக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "உனக்குப் பைத்தியமா?"

"கேளு. வலது கையே தகடு வைக்கும், வலது கையே அமுக்கும். கை உள்ள இருக்கறப்ப அமுக்கவே முடியாது. இடது கைக்கு வேலையே இல்ல. என்ன ஆபத்து?"

"வேலை இல்லாத கைதான்டி சும்மா இருக்காது. ஏதாவது கோணலாக் கிடந்தா நேராக்கலாம்னு உள்ள போகும். என் கையப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"ஊருக்கெல்லாம் கொடுத்தே. இப்ப எனக்குத்தான் நெஜமா வேணும். எனக்குக் கொடுக்க மாட்டே."

பெரியக்கா அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். தங்கை தேற்றவில்லை. நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பின் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடலாம், அவள் கையை என்ன செய்வது? மறுநாள் பெரியக்கா பட்டறையில் கழித்துப்போட்ட கரண்டிகளின் குவியலைக் கிளறி, காம்பு ஒடிந்த பெரிய கரண்டிக் கிண்ணம் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபிட்டரிடம் கொண்டுபோனாள். அவர் கிண்ணத்தின் உட்பக்கத்தில் ஒரு போல்ட்டைப் பற்றவைத்தார். பட்டனின் மண்டையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கிண்ணத்தை முறுக்கினார். முதலில் ஆட்டம் கண்டது, போல்ட்டைக் குட்டையாக்கினார். இப்போது முழங்கையால் கூட அமுக்கலாம். கிண்ணம் வளையத்தை நாலு பக்கமும் மூடிக்கொண்டு நின்றது. அதில் பின் மாட்ட விளிம்பே இல்லை.

"இதுல உங்க பின் ஏறாது போலிருக்கே," என்றார் ஃபிட்டர்.

"ஏறக் கூடாதுன்னுதான் அண்ணே."

தங்கையின் மெஷினில் இரண்டு பக்கமும் கிண்ணம் வந்தது. தங்கை இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கினாள். இரும்பு இறங்கி ஏறியது. உடனே அடுத்த தகட்டை எடுத்தாள். கட்டைவிரல் வலிக்கவில்லை என்று கேள்விப்பட்டுக் கண்ணாடி வந்து அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் ஃபிட்டரிடம் மெதுவாக, "அண்ணே, எனக்கும் ஒண்ணு," என்றாள். பெரியக்கா வாய் கிழியக் கத்தியபோது போகாத பின்கள், கட்டைவிரல் வலிக்குப் பயந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்த நாட்களில் அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஆனால் தங்கை வேகமாக இல்லை. பழகாத வலது கை தகட்டைத் தடவித் தடவி வைத்தது. அவளுக்கு முன்னால் விழுகிற கரண்டிகள் குறைவு என்று யார் பார்த்தாலும் தெரிந்தது. சூப்பர்வைசர் பொட்டலம் கட்டுகிற மூலையை ஒரு முறை பார்த்துவிட்டு இவளை ஒரு முறை பார்ப்பார். தங்கை உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

அப்புறம் ஒரு நாள் காலை, பெரியக்கா தன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, "அக்கா! இங்க வாயேன்," என்று குரல் கேட்டது. சம்பவத்துக்குப் பிறகு தங்கை அப்படி உரக்கக் கூப்பிட்டதே இல்லை. திரும்பினாள். தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

அவளுடைய வலது பக்கத்துக் கிண்ணத்தின்மேல் ஒரு துணிப்பை குறுக்கே கிடந்தது. இரண்டு பக்கமும் பை மாதிரி தைத்து, கழிவுத் தகட்டுத் துண்டுகளை நிரப்பித் தொங்கவிட்டிருந்தாள். அதன் கனத்தில் கிண்ணம் தானே அமுங்கியிருந்தது. தையல் கோணல்மாணலாக ஓடியது. வலது கையால் ஊசி பிடித்துத் தைத்த தையல். வீட்டில் அக்காவுக்குத் தெரியாமல் எத்தனை நாள் உட்கார்ந்து தைத்தாளோ!

"கிண்ணத்துல பின் மாட்ட முடியாதுன்னு நெனச்சே இல்ல? கனம் வெச்சா போதும். இப்ப வலது கை பாட்டுக்குத் தகடு வைக்கும், இடது கை அமுக்கும். பார்க்கறியா எவ்வளவு வேகம்னு?" என்றாள் தங்கை. "நீ மட்டும்தான் யோசிப்பியா?"

 அந்த முகம் பெரியக்காவுக்குத் தெரியும். பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு இருந்த முகம் அது. தங்கையிடம் இருப்பது ஒரு நல்ல கை. அந்தக் கைதான் இப்போது இரும்புக்குக் கீழே போகப்போகிறது. திட்டலாம். திட்டினால் அந்தச் சிரிப்பு போய்விடும், பை மட்டும் போகாது. இவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி ஏறிக்கொள்ளும்.

அவள் பையை எடுத்தாள். தையலை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லா தெச்சிருக்கே," என்றாள். அதைக் கீழே வைத்துவிட்டு, தன் ஸ்டூலை இழுத்து வந்து தங்கையின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். பை இருந்த கிண்ணத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"என்ன பண்ற?"

"நீ அந்தப் பக்கம் அமுக்கு. உன் கை வெளிய வந்தா நான் இந்தப் பக்கம் அமுக்கறேன். தகட வை."

"உன் மெஷினு?"

"கிடக்கட்டும். வைடி."

தங்கையின் சிரிப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. கண் கலங்கியது.  பிறகு ஒரு தகட்டை எடுத்து அச்சில் வைத்தாள், கையை எடுத்தாள். இரண்டு பக்கமும் கிண்ணம் அமுங்கியது. கரண்டி விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. சும்மா கிடந்த பெரியக்காவின் மெஷினைப் பார்த்துவிட்டு, வரிசையின் அந்தக் கோடியிலிருந்து சூப்பர்வைசர் தடதடவென்று வந்தார்.

"என்ன பெரியக்கா இது? ஒரு மெஷினுக்கு ரெண்டு ஆளா? எழுந்திரிங்க. நான் பேசறது காதுல விழுதா இல்லையா?"

பெரியக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. அவள் கண் அச்சை விட்டு நகரவில்லை.

"இப்பப் பேசாதீங்க சார்," என்றாள். "கை உள்ள இருக்கு."